தண்ணீர் ஏறும் வரைக்கும்

படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் ஒடுங்கிய ஓர் ஓடை. இரண்டு பக்கமும் வேரும் கிளையுமாக மரங்கள். நடுவில் எங்கள் கம்பெனி மொத்தமும் ஒரே படகில். தண்ணீர் வத்திக்கொண்டே போய், கடைசியில் தரை தட்டிவிட்டது.

மச்சான் எஞ்சினை அணைத்தார். பதற்றமே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"தண்ணி ஏறுற வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது. இறங்குனா இடுப்பு மட்டுக்கும் சேறு. பேசாம உக்காருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருடக் கடைசி, கொண்டாட வேண்டும் என்று எல்லோரையும் வேன் பிடித்துக் கூட்டிவந்தவர் அவர்தான். காலையில் போவதாக இருந்ததை நேற்று மாற்றி, மத்தியானம் போவோம் என்றவரும் அவர்தான். சேக்காளி ஒருத்தரின் படகை இரவல் வாங்கி, நானே ஓட்டுவேன் என்று நின்றவரும் அவரேதான்.

நாகேந்திரன் மச்சான் என் அக்கா மாலதியின் வீட்டுக்காரர். புருஷனை விட்டுவிட்டுப் பிள்ளையோடு நான் வந்து நின்றபோது, ஒரு வார்த்தை கேட்காமல் தன் கருவாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தவர். அந்த மூலையில் உட்கார்ந்துதான் நெத்திலிக் கருவாட்டைச் செல்போனில் படம் பிடித்துப் போட ஆரம்பித்தேன். தலை கிள்ளி, சுத்தம் செய்து, வாடை வெளியே வராத பாக்கெட்டில் அடைத்தேன். 'மாரியூர் கருவாடு' என்று பேர் வைத்தேன். பெங்களூருக்குப் போனது, சிங்கப்பூருக்கும் போனது. இன்றைக்குக் கொட்டகை கம்பெனியாகிவிட்டது. மச்சான் முதலாளி. நான் அதே மூலையில் இருக்கிறேன்.

இன்றைக்குச் சொல்லிவிடுவதாக இருந்தேன். ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு கடை பேசி முடித்திருக்கிறேன். சாவி கைப்பையில் இருக்கிறது. தை பிறந்ததும் பிள்ளையோடு அங்கே போய் என் தொழிலை நானே நடத்தப் போகிறேன். கரையேறி டீ குடிக்கும்போது பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். அக்காவிடம் மட்டும் போன வாரம் சொன்னேன். மச்சானிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள்.

சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மச்சான் ஒரு யோசனை சொன்னார். செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார். வருடக் கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, இந்த வருடம் எப்படி வளர்ந்தோம், யாருக்கு நன்றி சொல்லணும் என்று மனசு விட்டுப் பேச வேண்டுமாம். தொழிலில் பெரிய ஆட்களெல்லாம் அப்படித்தான் செய்கிறார்களாம்.

மீன் கழுவுகிற கருத்தம்மாள் தன் மகனுக்கு நன்றி சொல்லத் தொடங்கி அழுதுவிட்டாள். பாக்கெட் ஒட்டுகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, வெட்கப்பட்டு, முதலாளிக்கு நன்றி என்றார்கள். அக்கா, எல்லாரும் நல்லா இருக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு மச்சான் எழுந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் வலை இழுத்த பய. இந்தப் பேரெல்லாம் இவ வாங்கிக் குடுத்தது. இவ எனக்குக் கொழுந்தியா இல்ல, எங்க ஆத்தா."

பலகைக்கு அடியில் கைவிட்டுக் காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். அச்சடித்து வந்த புது லேபிள்கள். பழைய பெயரைக் காணோம். 'சத்யா கருவாடு' என்று இருந்தது. அதற்கு மேலே வட்டத்துக்குள் என் முகம். தீபாவளிக்கு அக்கா எடுத்த படம். தை முதல் எல்லாப் பாக்கெட்டிலும் இதுதான் என்றார். பெண்கள் கைதட்டினார்கள். கருத்தம்மாள் என் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள்.

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீ யாருடி என்று கேட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். இத்தனை பேர் முன்னால் கும்பிடுகிற மனுஷனை என்ன செய்வது? எழுந்து போகலாம் என்றால் சுற்றிலும் சேறு.

என் முறை வந்தது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மச்சானுக்கு நன்றி என்றேன். அதைச் சொன்ன வாயை அங்கேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

வெயில் இறங்கியது. தண்ணீர் ஏறவில்லை. பசிக்குது என்று ஒருத்தி முனகியதும் மச்சான் மறுபடி பலகைக்கு அடியில் கைவிட்டார். ஒரு சாக்குப் பை வந்தது. அதற்குள் வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலங்கள், ஆளுக்கு ஒன்று. அக்கா கட்டுகிற கட்டு எனக்குத் தெரியும். கூடவே குடிதண்ணீர் கேன், இரண்டு டார்ச் லைட், கொசுவத்தி.

வெயில் தாழ்வதற்குள் கரையேறி டீ குடித்துவிடலாம் என்று சொல்லித்தான் எங்களைக் கூட்டிவந்தார். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற மனுஷன். தண்ணீர் எப்போது வத்தும், எப்போது ஏறும் என்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதிலேயே குறியாக இருந்தாள்.

மச்சான் என் பக்கத்தில் வந்து குந்தி, ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, அன்பாகத்தான் சொன்னார்.

"சாப்பிடு சத்யா. அந்த ராமநாதபுரத்துக் கடை மழைக்கு ஒழுகுமாம்ல. சாவியக் குடு, நானே போயி திருப்பிக் குடுத்துட்டு வாரேன்."

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. தண்ணீர் ஏற இன்னும் நேரம் கிடந்தது.