ஒரே சத்தம்

பத்து மீட்டர் மேடையின் விளிம்பிலிருந்து அக்கா இரண்டு துண்டுகளையும் கீழே போட்டாள்.

சிவப்பு அவளுடையது, மஞ்சள் தங்கையுடையது. உடம்பைத் துடைத்து, துண்டை மேலிருந்தே வீசிவிட்டுக் குதிப்பது டைவிங்காரர்களின் வழக்கம். தங்கைக்கோ ஞாபகம் என்பது மருந்துக்கும் கிடையாது. துண்டை எங்கேயாவது வைத்துவிட்டு ஈரத்தோடு வெடவெடத்து நிற்பாள். அதனால் இரண்டையும் சுமப்பது எப்போதும் அக்காதான்.

கீழே மாஸ்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் அவள் படி வழியாக இறங்கி வந்துவிடுவாளோ என்பதுதான் அவர் கவலை.

அந்தக் கவலையிலும் நியாயம் இருந்தது. போன இரண்டு போட்டிகளிலும் அவள் விளிம்பு வரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள். இன்றைக்கும் இறங்கினால் அணியில் இடமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவள். இதை விட்டால் அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

மாஸ்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். மனப்பயிற்சி நிபுணர் ஒருவரைக்கூட அழைத்து வந்தார். நல்ல மனிதர், வாயைத் திறந்தால் தன்னம்பிக்கை கொட்டும். கண்ணை மூடிக்கொண்டு, குதிப்பதை மனதுக்குள் படம்போல ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அக்காவும் சமர்த்தாக மூடிக்கொண்டாள். என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் குதிக்கிறோம் சார்."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

மனதுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேலே ஏறினால்தான் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் பெயரெடுத்தவள் உண்மையில் தங்கைதான். நாளெல்லாம் கட்டிலில் குட்டிக்கரணம் போட்ட பிள்ளை, முதல் முறை இந்த மேடைக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. அக்கா பக்கத்தில் குந்தி அவள் காதில் சொன்னாள்.

"பயப்படாத குட்டி. நான் எண்ணுறேன். நீ என் குரலை மட்டும் பிடிச்சுக்க."

அன்றிலிருந்து ஜோடிப் பிரிவில் எண்ணுவது அக்காவின் வேலை. இருவரில் ஒருவர் எண்ணியாக வேண்டும். அந்த எண்ணில்தான் நான்கு கால்களும் ஒன்றாக மேடையை விட்டுக் கிளம்பும்.

தங்கை அதை மேடையோடு விட்டாளா என்றால், இல்லை. இருட்டில் மாடிக்குப் போகவும் அக்கா எண்ண வேண்டும், ஊசி போட்டுக்கொள்ளவும் அக்கா எண்ண வேண்டும். இவளுக்குக் கல்யாணம் ஆனால் தாலி கட்டவும் நீதான் எண்ணணும் போலிருக்கிறது என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

அக்காவுக்கும் பயம் உண்டு. தங்கையைவிட அதிகமாகவே உண்டு. அதை அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தங்கைக்குத் தைரியம் சொல்லுகிற மும்முரத்தில் அவளுடைய பயம் எங்கேயோ போய்விடும். அவளிடம் இருந்த மனவலிமை அவ்வளவுதான், அதுவே அவளுக்குப் போதுமாகவும் இருந்தது.

மாஸ்டர் கேட்டதெல்லாம் சத்தம் ஒன்றுதான். இரண்டு பேர் தண்ணீரில் விழுவது ஒரே சத்தமாக இருக்க வேண்டும். ஒருத்தி இம்மி பிந்தினாலும் அவர் காது கண்டுபிடித்துவிடும். எருமைகள் குளத்தில் இறங்குவதுபோல இருக்கிறது என்று வாய்க்கு வந்தபடி திட்டுவார். சத்தம் ஒன்றாகிவிட்டால் மட்டும் ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். அந்த ஒரு விரலுக்காக அக்காவும் தங்கையும் எத்தனையோ காலைத் தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

நடுவர் விசில் ஊதினார்.

இன்றைக்கு மேடையின் நடுவில் நிற்கும்படி மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா நடுவில் நிற்கவில்லை. வழக்கமான இடது பக்கத்திலேயே கால்விரல்களைப் பதித்து நின்றாள். தண்ணீர் வெகு தூரத்தில் கிடந்தது, படிகள் வெகு பக்கத்தில் இருந்தன.

வலது பக்கம் திரும்பாமல், உதடு அசைவது வெளியே தெரியாமல், பயப்படாத குட்டி, நான் எண்ணுறேன் என்றாள்.

சொன்னதும் அவள் பார்வை படிகளை விட்டு விலகியது.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

மேடை காலை விட்டுப் போயிற்று. கூரை விளக்குகள் ஒரு தரம் சுழன்றன, இன்னொரு தரம் சுழன்றன. கைகள் நீண்டன. தண்ணீர் திறந்து மூடிக்கொண்டது.

அடியில் கண்ணைத் திறந்து, பழக்க தோஷத்தில் வலது பக்கம் பார்த்தாள். பிறகு மேலே வந்தாள்.

கரையில் மாஸ்டர் ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

கைதட்டல் ஓயவில்லை. அவர் தன் விரலைத் தானே ஒருமுறை பார்த்தார். மெல்ல மடக்கிக் கையைக் கீழே இறக்கினார்.

இது ஜோடிப் பிரிவு இல்லை. ஒருத்தி குதித்தால் ஒரே சத்தம்தான் கேட்கும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த தங்கை எழுந்திருக்கவே இல்லை. கடைசி ஊசிக்கும் அக்காதான் மூன்று வரை எண்ணினாள். அதற்குப் பிறகு இன்றுதான் அவளுக்கு எண்ண வந்தது.

மாஸ்டர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். சிவப்பை அக்காவிடம் நீட்டினார். அவள் அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மஞ்சளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.