மூடியில் கட்டிய நூல்

மச்சினன் பெரிய பையோடு வந்து வாசலில் நின்றான்.

காலிப் பை. நாலாக மடித்து அக்குளில் இடுக்கியிருந்தான். மண்புழு அள்ளிக்கொண்டு போக இவ்வளவு பெரிய பை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவோம். தூண்டில் அவனுடையது, புழு என்னுடையது. புழுவைச் சேர்த்து வைக்கச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். தெர்மாகோல் பெட்டியில் செய்தித்தாளைக் கிழித்து நனைத்துப் போட்டு, மேலே கொஞ்சம் மண்ணும் காய்த்தோலும். மூடியில் காற்றுக்கு ஓட்டை, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. ஏரிக்கு எடுத்துப்போக ஈரத்துணி போட்ட டப்பா. வெயில் படக் கூடாது, அவ்வளவுதான்.

பத்து நாளாக என் புழுக்கள் குறைகின்றன.

ஒன்றிரண்டு இல்லை, பிடி பிடியாகக் குறைகின்றன. கொல்லைப்பக்கம் பெட்டி இருக்கும் மூலை தெரிந்த வெளியாள் இவன் ஒருவன்தான். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று முகத்தை வைத்துக்கொள்வான். அந்த மாதிரி முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பத்து நாளாக அவன் இந்தப் பக்கமே வரவில்லை என்பது வாஸ்தவம். போன ஞாயிறு ஏரிக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதனால் என்ன? திருடுகிறவன் வாசல் வழியாக, குரல் கொடுத்துக்கொண்டா வருவான்?

முதலில் மூடிமேல் செங்கல்லைத் தூக்கி வைத்தேன். அப்போதும் குறைந்தது. மூடியின் ஓட்டைக்குள் விரலை விட்டு இழுக்கிறானோ என்று ஓட்டைகளை எல்லாம் டேப் போட்டு ஒட்டினேன். இன்னும் வேகமாகக் குறைந்தது.

நேற்று பெட்டியைச் சுற்றிக் கறுப்பு நூல் கட்டினேன். அது எனக்குப் பழகிய வித்தை. வேலைக்குப் போகும்போது வாசல் கதவில் கட்டிவிட்டுத்தான் போவேன். சாயங்காலம் வந்து முடிச்சைப் பார்த்தால் கதவு திறந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இன்று காலையில் பெட்டியைப் பார்த்தேன். நூல் அறுபடவில்லை. முடிச்சுகூட நகரவில்லை. புழு மட்டும் குறைந்திருந்தது.

அப்படியானால் நூல் கட்டிய விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இவனையும் விரட்டிவிட்டால் என்னோடு ஏரிக்கரையில் உட்கார ஒரு ஆள் கிடையாது. அந்தப் பயம் எனக்கு இருந்தது. அதற்காகக் கேட்காமல் விட முடியுமா? கூட இருந்தே குழி பறிக்கிறவனை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தூண்டில் போடுவது?

அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியைக் காட்டினேன். அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். குற்றமுள்ள கை நடுங்கும்.

நடுங்கவில்லை. அவன் செங்கல்லைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான், நூலைப் பார்த்தான். கடைசியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மூடியைத் தொடவேயில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியை அப்படியே தூக்கினான்.

பெட்டி இருந்த இடமெல்லாம் புழு.

காய்ந்து குச்சியாய்ப் போனவை, இன்னும் நெளிகிறவை. சுவரோரமாக ஒரு வரிசை சாக்கடை ஓட்டைவரை போயிருந்தது. தண்ணீர் வடிகிற ஓட்டையிலிருந்து ஒன்று பாதி உடம்பை வெளியே தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது.

“மூச்சு விடக்கூட வழியில்லாம அடைச்சு வச்சிருக்கீங்களே மாமா. யாரும் எடுக்கல. அதுங்களாவேதான் போயிருக்கு.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவன் திருடன் இல்லை. சிரிப்புக்கூட வந்தது. மழை வருகிறமாதிரி இருக்கிறது, இன்றைக்கு மீன் நன்றாகக் கடிக்கும், உட்கார், நானே டீ போடுகிறேன், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று என்னென்னவோ சொன்னேன்.

அவன் செங்கல்லை இறக்கி வைத்தான். நகத்தால் டேப்பை ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தான். பாதியில் தொங்கிய புழுவை எடுத்து ஈரமண்ணில் விட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அக்குளில் இருந்த பையை எடுத்து உதறி விரித்தான்.

“அக்கா துணியெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுச்சு மாமா. பீரோ சாவியைக் குடுங்க.”

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கல்யாணமான மறுநாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.