திருகோணமலைக்கு ஏற்ற படம்

"கடற்கரை, ஒரு இளஞ்சோடி, பக்கத்தில எங்கட வான். இதில என்ன பிழை கண்டனீங்கள் மிஸ்?"

கொழும்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்த விளம்பர மேலாளர் குலசிங்கம், மேசையில் விரித்திருந்த போஸ்டரைத் தட்டிக் கேட்டார்.

"படம் வடிவுதான் சேர். ஆனா எங்கட சனத்துக்குக் கடலைக் காட்டி வான் விக்க ஏலாது. கடல் வாசல்லயே கிடக்குத்தானே" என்றாள் புஸ்பராணி. அந்த வான் கம்பனியின் திருகோணமலைக் கிளைக்கு அவள்தான் பொறுப்பு.

கிளை திறந்து ஒரு வருடமாகியும் விற்றது ஒரே ஒரு வான். மூன்று மாதத்துக்குள் இன்னும் பத்து விற்காவிட்டால் கிளையைப் பூட்டுவதென்று உத்தரவு வந்திருந்தது. பூட்டினால் புஸ்பராணியின் வேலை போய்விடும். அவளுடைய சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு பேர் இருந்தார்கள்.

குலசிங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. டுபாயிலும் பாங்கொக்கிலும் பயிற்சி எடுத்தவர். அதை நாளுக்கு மூன்று தடவை சொல்லாவிட்டால் மனிதருக்குச் சோறு செமிக்காது.

"இஞ்ச பாருங்கோ மிஸ். எல்லா நாட்டிலயும் ஒரே வான்தான். டுபாயில ஏசியைக் காட்டி விக்கிறம். குளிர் நாட்டில பனிக்குள்ள ஸ்டார்ட் எடுக்கிறதைக் காட்டி விக்கிறம். கொழும்பில பக்கத்து வீட்டுக்காரன்ர வயித்தெரிச்சலைக் காட்டி விக்கிறம். போர்நிறுத்தம் எண்டு சண்டை நிண்டு நாலு வருசமாச்சு. இஞ்ச கடற்கரையைக் காட்டாமல் வேற எதைக் காட்டுறது?"

"சாமானைக் காட்டுங்கோ சேர்."

"என்ன சாமான்?"

"அப்பா, அம்மா, மூண்டு பிள்ளையள், ஒரு மாமி. அவையளோட மெத்தை, தையல் மெசின், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர். எல்லாம் வானுக்குள்ள ஏறி, கதவும் சாத்துப்பட்டிருக்கோணும். அது காணும்."

குலசிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "ட்ரிப் போறவன் தையல் மெசினை ஏன் பிள்ளை காவிக்கொண்டு போறான்?"

"எங்கட ஆக்கள் வெளிக்கிட்டா அப்பிடித்தான் சேர்."

அவருக்கு அரை மனம்தான். ஆனாலும் ஊருக்கு ஏற்ற விளம்பரம் என்று மேடை மேடையாய்ப் பேசியவர், இப்போது மறுக்க வெட்கப்பட்டார். அவள் சொன்னபடியே படம் எடுத்து, 'எல்லாரும் ஏறலாம், எல்லாம் ஏற்றலாம்' என்று கீழே எழுதுவித்து, நிலாவெளி வரைக்கும் ஒட்டுவித்தார்.

அடுத்த முறை அவர் வந்தபோது கிளையில் நிற்க இடமில்லை.

மூதூரில் அரிசிக் கடை வைத்திருக்கும் ஸைனுலாப்தீன், அளவு நாடாவோடு வானுக்குள் ஏறிக் குனிந்து அளந்துகொண்டிருந்தார். "தங்கச்சி, பின் சீட்டைக் கழட்டினா எங்கட உம்மா படுத்த படுக்கையா வர ஏலுமா?"

"தாராளமா ஏலும் நானா. கால் பக்கம் பிரிஜ்ஜும் வைக்கலாம்."

வானின் நிறத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருக்குப் பின்னால் அருளம்பலம் மாஸ்டர், மனைவி, நாலு மகள்மார், மாமியார் என்று ஒரு கூட்டத்தையே கொண்டுவந்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு குலசிங்கத்தின் காதருகே வந்து, "ஒரே திருப்பில ஸ்டார்ட் எடுக்குமோ தம்பி? ரெண்டாந்தரம் திருப்ப வைக்காதே?" என்று கேட்டார்.

"பனிக்குள்ளயே எடுக்கும் மாஸ்டர், இந்த வெயிலுக்குள்ள எடுக்காதே?" என்று குலசிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார்.

மூன்று மாதம் முடிவதற்குள் பத்து வானும் போய்விட்டன.

'கிழக்கிலங்கை மக்கள் பயணப் பிரியர்கள். விடுமுறை என்றால் வீட்டையே கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள்' என்று குலசிங்கம் வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு அறிக்கை எழுதினார். அங்கிருந்து பாராட்டு வந்தது. அந்தப் படத்தை இன்னும் நாலு நாடுகளில் ஒட்டப்போகிறார்களாம். மனிதருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

பாராட்டு வந்த அன்று காலை, கொழும்பு அலுவலகத்துக்குச் சேர்விஸ் பிரிவு ஞானசேகரம் கையில் கூப்பன்களோடு வந்தார். "சேர், திருகோணமலையில வித்த வான் ஒண்டும் அங்க இலவச சேர்விசுக்கு வரேல்லை. புத்தளத்தில மூண்டு வந்திருக்கு, வவுனியாவில நாலு, இஞ்ச வெள்ளவத்தையில ரெண்டு."

"பாத்தீரா, என்ன ஓட்டம் ஓடுதுகள் எண்டு! நான் எழுதினது சரிதானே?"

ஞானசேகரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குலசிங்கம் புஸ்பராணியின் கைத்தொலைபேசிக்கு அழைத்துவிட்டார்.

"மிஸ், நல்ல செய்தி! உங்கட கிளையைப் பூட்டேல்லை. சம்பளமும் கூட்டித் தருகினம். நாளைக்கே இன்னும் இருபது வான் அனுப்பிவிடுறன்."

மறுமுனையில் எஞ்சின் இரைந்தது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

"வேண்டாம் சேர்." புஸ்பராணி அந்த இரைச்சலுக்கு மேலால் கத்தினாள். "திரும்பவும் சண்டை வரப்போகுதெண்டு எங்கட சனத்துக்கு முதலே தெரியும். அதுக்குத்தான் வான் வாங்கினவை. மூதூரில செல் குண்டு விழத் தொடங்க, ஏத்தின சாமானோட எல்லாரும் போயிட்டினம்."

"அப்ப... நீங்கள் கிளையிலதானே இருக்கிறீங்கள்?"

"இல்லை சேர். பத்தாவது வானை என்ர பேரிலதான் எழுதினனான். கிளையைக் காலமை நானே பூட்டிப்போட்டன், இப்ப ஹொரவப்பொத்தானை தாண்டியாச்சு."