ஒரு அடி நிலம்

"நல்லா அளந்து பாருங்க சார். என் மனைக்குள்ள ஒரு அடி வந்து கொட்டாய் போட்டுக்கினு இருக்கான்" என்றாள் துளசி.

சர்வேயர் டேப்பைச் சுருட்டினார். "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா இந்த ஒரு அடிக்கா ஆறு மாசமா மனு மேல மனு?"

"ஒரு இஞ்சுன்னாலும் விட மாட்டேன். பிரிச்சே ஆவணும்."

அந்தப் பக்கம் நின்றிருந்த ஏகாம்பரம் பல்லைக் கடித்தான். "பிரிச்சுடறேன்க்கா. போதுமா?"

துளசிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கொட்டாய் போய்விட்டால், அதற்குள் கிடக்கும் அம்மாவை அவன் வீட்டுக்குள் சேர்த்துத்தானே ஆக வேண்டும்? 'தறிக்கே இடம் பத்தலை' என்று கூடப்பிறந்த தம்பி அம்மாவைத் தகரக் கூரைக்குக் கீழே தள்ளி ஒரு வருஷமாகிறது. துளசி எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள். "புள்ள இருக்கும்போது பொண்ணு வூட்டுல வந்து குந்த மாட்டேன்" என்று அம்மா அசையவில்லை. அப்பா இருவருக்கும் பிரித்துக் கொடுத்த மனையின் அளவு ஒன்றுதான் துளசியின் கையில் மிச்சமிருந்தது.

மறுநாள் மாலை பட்டுக்கடை வேலை முடிந்ததும் நேராகப் பின்பக்கம் ஓடினாள்.

ஏகாம்பரம் சொன்ன சொல் தவறவில்லை. அவள் பக்கத்துத் தகரத்தைப் பிடுங்கி, சரியாக ஒரு அடி தன் பக்கம் உள்ளே தள்ளி நட்டிருந்தான்.

கதவைத் திறந்தாள். அம்மா முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள்.

"ஏம்மா இப்படிப் படுத்திருக்க?"

"காலை நீட்டினா தகரம் இடிக்குதுடி."