கை குட்டையான ஸ்வெட்டர்

குன்னூர்ப் பனியில் சுருண்டு கிடந்த பிலோமினாவை நாத்தனார்தான் பழைய ஸ்வெட்டர் கடைக்கு இழுத்து வந்தாள். "பளிச்சுனு ஒண்ணு எடுத்துப் போடுங்க அண்ணி, மனசு தெளியும்."

பிலோமினா குவியலுக்குள் கைவிட்டதும் மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்று வந்தது. அதன் இடது கை இரண்டு விரற்கடை குட்டை. கணவரின், ஒடிந்து எலும்பு சரியாகக் கூடாமல் குட்டையாகிப்போன கைக்கு அளவெடுத்து அவளே பின்னியது. அவருக்குக் குளிர் தாங்காதே என்று, போன டிசம்பரில் சவப்பெட்டியை மூடும் முன் அவளே போட்டுவிட்டது.

நாத்தனார் சிலுவை போட்டுக்கொண்டாள். பிலோமினா ஸ்வெட்டருக்குள் கையை நுழைத்துப் பார்த்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

"இது... யாருங்க குடுத்தது?"

கடைக்காரர் மடிப்பதை நிறுத்தவில்லை. "இப்பத்தாங்க்கா ஒருத்தரு கழட்டிக் குடுத்துட்டுப் போறாரு. அவருக்கு இனிமே குளிராதாம்."