நெட்டை இழுப்பது யார்?

அந்த வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து ஒரே ரூட்டர்தான். முதலில் வந்தது ஹாலில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் என்பதால், ரூட்டரின் செட்டிங் எல்லாம் அதன் கையில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஓடிய படம் பாதியில் நின்று, திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

“யாரோ நெட்டை இழுக்கிறாங்க. மாடியில இருக்கிற லேப்டாப்பாத்தான் இருக்கும். அதைக் கட் பண்ணு” என்றது பெரிய கம்ப்யூட்டர் ரூட்டரிடம்.

“அது காலேஜுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கிட்டு இருக்கு. இன்னிக்குத்தான் கடைசி நாள். முக்கால்வாசி போயாச்சு.”

“எனக்கு மட்டும் வேலை இல்லையா? கட் பண்ணு.”

ரூட்டர் கட் பண்ணியது. மாடியில் யாரோ “ஐயோ!” என்று கத்தினார்கள். வட்டம் நிற்கவில்லை.

“அப்போ உள்ரூம்ல இருக்கிற சின்னக் கம்ப்யூட்டர்தான்.”

“அது மழை வருமான்னு மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருக்கு.”

“மழை வந்தா தானா தெரியும். அதையும் கட் பண்ணு.”

ரூட்டர் அதையும் கட் பண்ணியது. வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

“இப்போ நீ மட்டும்தான் இருக்கே. காலையிலிருந்து உனக்குள்ள ஒரு அப்டேட் இறங்கிக்கிட்டு இருக்கு. இழுக்கிறது அதுதான்” என்றது ரூட்டர்.

“அது என்னோடதாச்சே! அதை எதுக்கு இதுல சேர்க்கிறே?” என்றது பெரிய கம்ப்யூட்டர். “நல்லாப் பாரு, பக்கத்து வீட்டுக்காரன் எவனாவது இருப்பான்.”