சுமியின் அரை இஞ்சு

தொண்ணூற்றைந்தின் ஓணம் லீவு. விளையாட்டு விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கும் சுமி, முற்றத்தில் அவள் நடந்தும் குதித்தும் பழக அப்பா அறுத்துப் போட்டிருக்கும் பலாமரச் சட்டத்தின்மேல் குந்தியிருந்து டேப்பை நீட்டுகிறாள். அடுத்த வாரம் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தென்னோலை வழியே விழும் காலை வெயிலில் அவள் உள்ளங்கையில் பூசிய வெள்ளைச் சாக்பொடி மினுங்குகிறது. “அப்பா, போட்டிச் சட்டத்துக்கு அகலம் நாலு இஞ்சு. இது நாலு இல்ல. நாலரை உண்டு.” ஊரார் பலகையிலெல்லாம் அரை இஞ்சு குறைத்தே பாறசாலையில் மாடிவீடு கட்டிய மரவியாபாரி ராஜதாஸ், மகளின் காய்த்துப்போன பாதங்களைப் பார்க்கிறார். “நீ விழுந்துரப்பிடாதுன்னு ஒரு பயம், ஒரு பேடியாக்கும் மக்கா.” “அதான் ஒவ்வொரு லீவுக்குப் பெறவும் அங்க விடுதியில நாலு இஞ்சுல ஏறி ஒரு ஆழ்ச்ச, ஏழு நாளும் பொத்து பொத்துன்னு விழுறேன். ஊரை ஏமாத்திப் பற்றிச்சது போராதுன்னு என்னையுமா?” சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள்.

அவர் இழைப்புளியை எடுத்து வருகிறார். மஞ்சள் மஞ்சளாய்ச் சுருள்கள் உதிர்ந்து கணுக்கால்வரை குவிகின்றன. டேப் நாலு காட்டியதும் சுமி மேலே ஏறுகிறாள். அவர் கைகள் தாமாகவே அவளுக்குக் கீழே நீள்கின்றன. “கைய எடும் அப்பா.” எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அவள் கால்கள் வானத்தில் சுழல்கின்றன. அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு கை மறு கையை விடாமல் பிடித்திருக்கிறது.